நல்ல அமைதியான பிள்ளை

அந்த மனிதர் நான் நீட்டிய பேனாவை வாங்கவில்லை. தன்னிடம் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்து, மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகி, படிவத்தை நேராக்கி வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். ஓகஸ்ட் கடைசி வாரம், கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பொதுப் பள்ளிக்கூடத்தின் அலுவலகம். வெளியே வெயில் கொளுத்துகிறது. இவரோ கழுத்துவரை பொத்தான் பூட்டி, மேலே கோட்டும் போட்டிருந்தார். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு கையெழுத்தை நான் கண்டதில்லை. அலுவலகத்துப் பெண் எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பிள்ளை முதலில் பேசப் பழகிய மொழி எது என்ற கட்டத்துக்கு வந்தார். ஆங்கிலம் என்று எழுதினார். வீட்டில் பேசும் மொழி? அதற்கும் ஆங்கிலம். எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தி, பக்கத்தில் இருந்த மகளைப் பார்த்து, “காலை ஆட்டாம இரி புள்ள” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அப்போது எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் வாரத்தில் இரண்டு நாள் வேலை. புதிதாக வந்து இறங்கிய குடும்பங்களுக்குப் படிவம் நிரப்ப உதவுவது, தடுப்பூசி அட்டையை எங்கே கொடுப்பது, குளிருக்குச் சப்பாத்து எங்கே வாங்குவது என்று சொல்வது, ஆசிரியரைச் சந்திக்கப் பெற்றோர் வரும்போது நடுவில் இருந்து மொழிபெயர்ப்பது. இந்த இரண்டு கட்டங்களும் என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தமிழ் என்று எழுதினால் பிள்ளையைக் கூப்பிட்டு இருத்திப் பேசவைத்துப் பார்ப்பார்கள். தினமும் ஒரு மணி நேரமாவது ஒரு சிறு வகுப்பில், அவளைப்போலவே புதிதாக வந்த ஏழெட்டுப் பிள்ளைகளோடு இருத்தி ஆங்கிலம் பழக்குவார்கள். ஆங்கிலம் என்று எழுதினால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். நேரே வகுப்புக்குள் போய் உட்கார வேண்டியதுதான்.

“ஐயா, தமிழெண்டு எழுதுங்கோ. அப்பதான் பிள்ளைக்கு உதவி வகுப்புக் குடுப்பினம்” என்றேன்.

அவர் பேனாவை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். தன்னிலும் இளைய பெண்களை மகள் என்று கூப்பிடுவது அவர்கள் ஊர் வழக்கம். “மகள், நான் மட்டக்களப்புல இருவத்தாறு வருசம் இங்கிலிஷ் படிப்பிச்சவன். என்ட புள்ள போய் உதவி வகுப்புல இரிக்கிறதா?”

நான் மன்னார்ப் பக்கம். எங்கள் வீட்டிலும் ஆங்கிலத்தை அலுமாரியில் பூட்டிவைத்த வெள்ளிக் கரண்டி மாதிரித்தான் வைத்திருந்தார்கள். ஆகவே அவர் சொன்னது எனக்குப் புரியாமலில்லை. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். அவர் புன்னகைத்தார். அன்றிலிருந்து எனக்கு அவர் மாஸ்டர். மகளுக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. மனைவியின் விசா இழுபட்டதால் தகப்பனும் மகளும் முன்னே வந்துவிட்டார்கள். யாரோ ஒருவர் வீட்டின் நிலக்கீழ் அறையில் இருந்தார்கள். மாஸ்டருக்கு ஒரு கட்டடத்தில் காவல் வேலை கிடைத்தது.

செப்டம்பர் நடுவில் ஒருநாள் மதியம் அந்தப் பிள்ளையை நூலகத்தில் கண்டேன். என் மேசை நூலகத்துக்குள்தான், வாசல் பக்கமாக ஒரு மூலையில் இருந்தது. அவள் கடைசி வரிசையில், ஒரு பெரிய வரைபடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தாள். அடுத்த செவ்வாயும் அதே இடம், அதே புத்தகம். கிட்டப் போய், “சாப்பிட்டாச்சே பிள்ளை?” என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். “வகுப்பு எப்பிடி?” அதற்கும் தலைதான். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்: “அன்ரி, பள்ளிக்கூடத்துல தமிழ் கதைக்கக் கூடாதெண்டு அப்பா சொன்னவரு.”

தமிழ் பேசக்கூடாது என்று தகப்பன் சொல்லிவிட்டார். ஆங்கிலமோ அவளுக்கு வாயில் வராது. எழுதினால் பிழையே விடமாட்டாள். மாஸ்டரின் மகள் அல்லவா! இலக்கணமெல்லாம் கரைத்துக் குடித்திருந்தாள். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரோடொருவர் அடித்துப் பேசும் அந்த வேகமான ஆங்கிலம் இருக்கிறதே, அது மாஸ்டரின் கரும்பலகையில் ஒருநாளும் இருந்ததில்லை. காலை எட்டே முக்காலிலிருந்து மூன்றே கால் வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு ஒரு மொழியும் இல்லை. வகுப்பில் இன்னும் மூன்று தமிழ்ப் பிள்ளைகள் இருந்தார்கள். இங்கே பிறந்தவர்கள். தொடக்கத்தில் ஒருத்தி வந்து பாதித் தமிழில் ஏதோ கேட்டிருக்கிறாள். இவள் தகப்பன் சொல்லைக் காப்பாற்றிப் பதில் பேசாமல் நின்றிருக்கிறாள். பெரிய எடுப்புக்காரி, தலைக்கனம் பிடித்தவள் என்று விட்டுவிட்டார்கள்.

ஜனவரியில் அந்த வகுப்பைப் பனிச்சறுக்கு அரங்கத்துக்குக் கூட்டிப் போனார்கள். மாஸ்டர் எல்லாக் கடிதங்களையும் வாசித்து ஒழுங்காகக் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார். பழைய சாமான் கடையில் சறுக்குச் சப்பாத்தும் வாங்கிக் கொடுத்திருந்தார். தலைக்கவசம் மட்டும் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடுவது. அதற்கு முந்தின நாள் வகுப்பு முடிகிற நேரத்தில், பேருந்து பின்வாசலுக்கு வரும் என்று ஆசிரியை வாயால் சொல்லியிருக்கிறாள். இவள் முன்வாசலில் போய் நின்றாள். பேருந்து அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஒரு பிள்ளை குறைகிறது என்று கண்டுபிடித்து அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார்கள். நான் போய்ப் பார்த்தால், கண்ணாடிக் கதவுக்கு வெளியே, அந்தக் குளிரில், சப்பாத்துகளைக் கயிற்றால் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, தலைக்கவசமும் மாட்டியபடி நின்றுகொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. “ஏன் பிள்ளை உள்ளுக்கு வரேல்லை?” என்று கத்தியே விட்டேன். யாரிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லையாம்.

அன்றைக்கு முழுவதும் அவள் என் மேசையருகே இருந்தாள். என் போத்தலில் இருந்த தேநீரை ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள். நான் என் பாட்டுக்கு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். வாய் சும்மா இருக்கிற பிறவி நான் இல்லை. வீட்டில் பேச ஆளில்லாத குறையைப் பள்ளிக்கூடத்தில் தீர்க்கிறாள் என்று என்னோடு வேலை செய்தவர்கள் பகிடி பண்ணுவார்கள். உண்மைதான். கணவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது, பிள்ளைகளும் இல்லை. மாலை வீட்டுக்குப் போனால் அடுத்தநாள் காலைவரை என் குரலை நானே கேட்கமாட்டேன். அதனால்தானோ என்னவோ, அந்தப் பிள்ளையின் மௌனம் என்னை அப்படித் தைத்தது. மணியடித்ததும் அவள் எழுந்து, தலைக்கவசத்தைப் பையினுள் தள்ளிக்கொண்டு சொன்னாள்: “அப்பாக்கிட்டச் சொல்லாதீங்க அன்ரி. நான் போனனான் எண்டுதான் சொல்லுவன். பாவம் அவரு.” சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்திருக்கவே கூடாது.

பெப்ரவரியில் வகுப்பாசிரியை தகப்பனைச் சந்திக்கக் கூப்பிட்டாள். என்னையும் வரச் சொன்னாள். நல்ல பெண் அவள், முப்பது வயதிருக்கும், பிள்ளைகள்மேல் உயிர். மாஸ்டர் அதே கோட்டில் வந்தார். மகளும் கூட. நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரும்போது, அவர் என்னைப் பார்த்துத் தலை சாய்த்து, மொழிபெயர்ப்பு அவசியப்படாது என்று ஆசிரியையிடம் ஆங்கிலத்தில் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆசிரியைக்கு அது நிம்மதியாக இருந்தது. எழுந்து போவதா இருப்பதா என்று தெரியாமல் நான் இருந்துவிட்டேன். கேட்டால் ஒழிய வாய் திறக்கக்கூடாது என்பது எங்கள் வேலையின் விதி.

இந்த ஊர் ஆசிரியர்கள் ஒருநாளும் கெட்ட செய்தியைக் கெட்ட செய்தியாகச் சொல்லமாட்டார்கள். பஞ்சில் சுற்றித்தான் தருவார்கள். உங்கள் மகள் அருமையான பிள்ளை என்று தொடங்கினாள். எழுத்து வேலை அப்பழுக்கில்லாதது. வகுப்பில் மிகவும் அமைதியாக இருக்கிறாள், மிக மிக அமைதியாக. அவளுடைய குரலைக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்க முடிந்தால் தனக்குச் சந்தோசமாக இருக்கும். வீட்டிலும் இப்படித்தானா? அதைப் பற்றி, தான் கொஞ்சம் யோசிப்பதாகவும் சொன்னாள். இருபது வருடமாக இவர்களோடு பழகுகிறவள் நான். ‘கொஞ்சம் யோசிக்கிறேன்’ என்றால் இவர்கள் இரண்டு வாரமாகத் தூங்கவில்லை என்று அர்த்தம்.

மாஸ்டரின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆகிவிட்டது. அவருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் ஓர் ஆசிரியர் தகப்பனைக் கூப்பிட்டு, உங்கள் மகள் நல்ல அமைதியான பிள்ளை என்று சொன்னால், அதற்குமேல் ஒரு பெண்பிள்ளைக்கு என்ன நற்சாட்சி வேண்டும்! அவர் இருபத்தாறு வருடம் எத்தனை தகப்பன்மாருக்கு அதையே சொல்லி அனுப்பியிருப்பார். ஆம், வீட்டிலும் இப்படித்தான், ஒரு சத்தம் கேளாது என்று பெருமையாகச் சொன்னார். தகப்பன் இதைப் பற்றி அறிந்திருக்கிறார், கவலைப்படவில்லை என்று ஆசிரியை எடுத்துக்கொண்டாள். இருவரும் சிரித்துக் கைகுலுக்கினார்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் என் கைப்பையின் வாரைப் பார்த்தேன்.

விதி இருந்தது, வாக்கு இருந்தது, உண்மைதான். ஆனால் அதெல்லாம் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டது. அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: என்னை வேண்டாம் என்றவர்தானே, கிடக்கட்டும்! இப்படி ஒரு சின்னப்புத்தி எனக்குள் இருந்தது என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதித்தான் ஆகவேண்டும்.

வெளியே பேருந்துத் தரிப்பிடத்தில் மாஸ்டர் கையுறையைக் கழற்றிவிட்டு மனைவிக்குத் தொலைபேசி எடுத்தார். ஊரில் அப்போது விடிந்திருக்காது. அந்த அம்மாவை எழுப்பித்தான் சொன்னார். “டீச்சர் ஒரே புகழ். நல்ல அமைதியான புள்ளையாம். எழுத்துல பிழையே இல்லையாம்.” பிள்ளை பனியைச் சப்பாத்து நுனியால் கிண்டிக்கொண்டு நின்றாள். நான் என் காரை நோக்கிப் போனவள், மனம் கேட்காமல் திரும்பி வந்தேன். அவர் பேசி முடிக்கும்வரை நின்றேன்.

“மாஸ்டர், குறை நினைக்காதேங்கோ. டீச்சர் சொன்னது புகழ்ச்சி இல்லை. பிள்ளை வாய் திறக்கிறாள் இல்லையெண்டு அவ பயப்பிடுறா. அதைத்தான் பக்குவமாச் சொன்னவ.”

அவர் தொலைபேசியைக் கோட்டுப் பைக்குள் வைத்தார். முகம் மெல்லக் கடுமையாகியது. “நானும் அங்கதானே இருந்த, மகள். எனக்கு இங்கிலிஷ் விளங்காதா?”

“இங்கிலிஷ் விளங்கும் மாஸ்டர். இது அதில்லை. அவளையே கேளுங்கோவன்.”

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்றால் இதுதான். அவர் மகள் பக்கம் திரும்பினார். என் முன்னால், ஆங்கிலத்தில், வகுப்பில் மாணவியைக் கேட்பதுபோல் கேட்டார்: நீ பள்ளிக்கூடத்தில் சந்தோசமாக இருக்கிறாயா இல்லையா, அன்ரிக்குச் சொல். அவள் தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள். “யெஸ் அப்பா. ஐ ஆம் ஹப்பி” என்றாள். அவள் வாயால் நான் கேட்ட முதல் ஆங்கில வசனம் அதுதான். பேருந்து வந்தது. அவர் மகளை முன்னே ஏறவிட்டு, பின்னால் ஏறி, என் பக்கம் திரும்பாமலே போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் ஆசிரியையிடம் போய் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிள்ளையே சந்தோசம் என்கிறாள், தகப்பன் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார், எனக்கென்ன வந்தது என்று ரோசத்தோடு திரிந்தேன். பிள்ளையும் நூலகத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். படிக்கட்டுக்குக் கீழே இருந்து சாப்பிடுகிறாள் என்று துப்புரவு செய்கிறவர் சொன்னார். எனக்குத் தெரிந்து, என் கண்ணெதிரே, அந்தப் பிள்ளைக்கு மூன்று மாதம் வீணாய்ப் போனது.

மே மாதம் அந்தத் தாய் வந்து சேர்ந்தார். வந்து இரண்டு கிழமைக்குள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். முன்கூட்டிச் சொல்லவில்லை, நேரம் கேட்கவில்லை. மெலிந்த சின்ன உருவம், புதுக் குளிர்ச்சட்டையின் விலைச்சீட்டு இன்னும் கையில் தொங்குகிறது. ஒரு கையில் மகளைப் பிடித்திருந்தார், பின்னால் மாஸ்டர். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாத அந்த மனுஷி அலுவலகத்தில் நின்று, “தமிழ் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இரிக்கா?” என்று உரத்த குரலில் கேட்டாராம். என்னைக் கூட்டிவந்தார்கள். ஆசிரியையும் மதிய இடைவேளையில் வந்து உட்கார்ந்தாள்.

மொழிபெயர்க்கும்போது நாங்கள் ‘இவர் இப்படிச் சொல்கிறார்’ என்று சொல்வதில்லை. பேசுகிறவரின் இடத்திலிருந்து ‘நான்’ என்றே பேசவேண்டும். அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். அந்தத் தாய் சொல்லச்சொல்ல நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனேன்.

“மிஸ், என்ட மகள் வாய் ஓயாத புள்ள. விடிஞ்சாப் பொழுதுபட்டாக் கதைதான். கோழியோடயும் கதைப்பாள், சட்டி பானையோடயும் கதைப்பாள். கொஞ்சம் மூச்செடு புள்ள எண்டு நானே ஏசியிரிக்கன். போனில இவர்தான் எல்லாம் சொல்லுவாரு, புள்ள படிக்கிறாளாக்கும் எண்டு நான் நெனச்ச. எயார்போட்டுல என்னக் கட்டிப் புடிச்சவள், ஒரு சொல்லுச் சொல்லல்ல. ரெண்டு கிழமையாப் பாக்கன். கேட்டாத் தலைய ஆட்டுறாள். நான் அனுப்பின புள்ள இது இல்ல மிஸ். என்ட புள்ளைக்கு என்ன நடந்த?”

நான் அனுப்பிய பிள்ளை இவள் இல்லை, என் மகளுக்கு என்ன நடந்தது? அதை நான் என் வாயால், நானே பெற்றவளைப்போல், ஆசிரியையைப் பார்த்துக் கேட்க வேண்டியிருந்தது. வாழ்க்கையில் ‘என் மகள்’ என்ற சொல்லை எனக்காக ஒருநாளும் சொல்லியிராதவள் நான். பாதியில் குரல் உடைந்துவிட்டது. ஆசிரியை தண்ணீர் எடுத்துத் தந்தாள். இந்த வேலையில் அழக்கூடாது, அழுதேன்.

ஆசிரியை இந்தத் தடவை பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டாள். செப்டம்பரிலிருந்து உங்கள் மகள் என் வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை, அவளுக்கு ஒரு சிநேகிதி இல்லை, எனக்குப் பயமாக இருக்கிறது, இதைப் பெப்ரவரியிலேயே உங்கள் கணவரிடம் சொன்னேனே என்றாள். நான் தாயின் பக்கம் திரும்பித் தமிழில் சொல்லத் தொடங்கினேன். அப்போது மாஸ்டர் கதிரையை என் பக்கமாக இழுத்துப் போட்டார். கோட்டின் பொத்தான் ஒன்று கழன்றிருந்தது. மகளும் மனைவியும் பார்த்துக்கொண்டிருக்க, என்னிடம் சொன்னார்: “டீச்சர் சொல்றத எனக்கும் தமிழில சொல்லுங்க மகள்.”

சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல், பூசி மெழுகாமல் இருவருக்கும் சொன்னேன். அவர் குனிந்த தலையோடு கேட்டுக்கொண்டிருந்தார். இடையிடையே, “ஓம், சொல்லுங்க” என்றார். பிறகு மகளின் தலையில் கையை வைத்து, “கதை புள்ள. என்ன பாசையெண்டாலும் கதை” என்றார். அவள் பேசவில்லை. தாயின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். அந்த வாரமே அவளை ஆங்கிலம் பழக்கும் அந்தச் சிறு வகுப்பில் சேர்த்தார்கள்.

ஜூனில் பள்ளி மூடியது. செப்டம்பரில் அவள் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள், எனக்கும் வேலை பக்கத்து நகரமான மார்க்கத்துக்கு மாறியது. எங்கள் வேலை அப்படித்தான். யாருடைய கதையும் முடிவுவரை எங்கள் கைக்கு வராது. குடும்பம் பிக்கரிங்கில் வீடு வாங்கிக்கொண்டு போனதாக யாரோ சொன்னார்கள். சரியாகத் தெரியாது. விசாரிக்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. தாய் சொன்ன அந்த வாயாடியை, கோழியோடு கதைத்த அந்தப் பிள்ளையை, நான் ஒருநாளும் காணவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் தலையாட்டுகிற பிள்ளையைத்தான்.

இப்போது வேலையை விட்டாயிற்று, காரையும் விற்றாயிற்று. பேருந்தில்தான் திரிகிறேன். போன கிழமை எனக்கு இரண்டு இருக்கை முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, ஓர் இளம்பெண் தொலைபேசியில் பேசிக்கொண்டு வந்தாள். பாதி தமிழ், பாதி ஆங்கிலம், மூச்சு விடாமல், பேருந்து முழுக்கக் கேட்கும்படியாக, இடையில் ஒரு சிரிப்பு வேறு. எனக்குப் பக்கத்தில் இருந்த தமிழ் அம்மா முகத்தைச் சுளித்து, “என்ன வாயப்பா இது, பெட்டைப் பிள்ளைக்கு ஒரு அடக்கம் வேண்டாமே? நிப்பாட்டச் சொல்லுங்கோவன்” என்றார். அவளாக இருக்க நூற்றில் ஒரு பங்குகூட வாய்ப்பில்லை என்று எனக்குத் தெரியும். முகத்தைப் பார்க்கக்கூட நான் எழும்பவில்லை.

“கதைக்கட்டும், விடுங்கோ” என்றேன். நான் இறங்க வேண்டிய தரிப்பிடம் வந்தது. இறங்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.